துண்டு போட்ட நாற்காலி

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க அண்ணாச்சி. எனக்குக் காத்து வேண்டாம், முன்பக்கம் தெரிஞ்சாப் போதும். இந்தப் பை காலுக்கு இடைஞ்சலா இருக்கா? இருங்க, சீட்டுக்கு அடியில தள்ளிருதேன். ஒண்ணுமில்ல, ஒரு கம்புதான். புளியங்கம்பு. பயப்படாதிய, உங்களுக்கில்ல அது.

எங்க எறங்கணும்? பஸ் ஸ்டாண்டா. நான் அதுக்கு முந்துன ஸ்டாப்பு. கல்லாபீசு. நாங்க அப்பிடித்தான் சொல்லுவோம். குவாரிக்கு லைசென்சு குடுக்கது, எங்கன தோண்டலாம், எங்கன வெடி வைக்கலாம்னு பாக்கது எல்லாம் அந்த ஆபீசுதான். இன்னைக்கு அங்கன ஒரு விசாரணை. எனக்கு அங்கன டூட்டி.

என்ன, என் மூஞ்சிய உத்துப் பாக்கிய? பேப்பர்ல பாத்திருப்பிய. மாசானமுத்துன்னு பேரு போட்டு, பழைய போட்டோ ஒண்ணையும் போட்டிருந்தான். ஆபீசுக்குள்ள புகுந்து அடிச்சவன். அது நான்தான். அடிச்சது நெசம். ஆனா ஆளு மாறிப்போச்சு. அதை எவன்கிட்டச் சொன்னாலும் ஒண்ணு சிரிக்கான், இல்லன்னா நம்ப மாட்டேங்கான். நீங்க நாலு விசயம் தெரிஞ்ச ஆளு மாதிரி இருக்கிய. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என் மேல என்ன தப்புன்னு.

நான் பொன்னுலிங்கம் முதலாளிகிட்ட வேலை பாக்கேன். கருங்கல் குவாரி, கிரஷர் எல்லாம் அவருக்கு இருக்கு. எனக்கு மீசை மொளைச்ச நாள்ல இருந்து அவருகிட்டத்தான். என் வேலை என்னன்னா, கல்லாபீசுக்குப் புதுசா ஒரு ஆபீசர் வந்தா, முதல்ல முதலாளி மாலையும் பழத்தட்டுமாப் போவாரு. வாங்கிட்டாச் சரி. வாங்கலன்னா அதுக்குப் பொறவு நான் போவேன். அவ்வளவுதான். நேர்மையான வேலை அண்ணாச்சி. ஒளிவு மறைவு கெடையாது. நான் வந்தா எதுக்கு வந்திருக்கேன்னு எதிராளிக்குத் தெரியும்.

ஒரு ஆபீசர் இருந்தாரு, லாரி லாரியா நிறுத்தி அளந்துகிட்டிருந்தாரு. அவரு ஜீப்புல ஏறும்போது மரியாதையாக் கதவைச் சாத்துனேன். நடுவுல அவரு வெரலு இருந்துச்சு. அதுக்கு நான் என்ன செய்ய? அதுக்குப் பொறவு அவரு அளக்கவே இல்ல. இன்னொருத்தர் ஆத்துல குளிக்கப் போவாரு. நானும் குளிக்கப் போனேன். மூச்சு முட்டுறதுக்கும் சாவுறதுக்கும் நடுவுல கொஞ்சம் எடம் இருக்கு, அது எனக்கு நல்லாத் தெரியும். அங்கன நிறுத்தி மேல தூக்குவேன். திரும்ப அமுக்குவேன். மேல வந்து அவரு சொன்ன முதல் வார்த்தையே, "எங்க கையெழுத்துப் போடணும்?"

என்ன இப்பிடி ஒதுங்கி உக்காருதிய? நல்லா உக்காருங்க. எனக்குன்னு ஒரு கொள்கை உண்டு. பொம்பளையத் தொடமாட்டேன். பிள்ளைய முன்னால வச்சுத் தகப்பனை அடிக்கமாட்டேன். இந்தத் தொழில்ல எத்தனை பேருக்கு அது இருக்கு சொல்லுங்க.

நடுவுல ஒரு லாரி டிரைவர் கால் விசயத்துல நான் உள்ள போக வேண்டியதாப் போச்சு. நான் பாளையங்கோட்டை ஜெயில்ல களி தின்னுகிட்டிருந்த காலத்துலதான் கல்லாபீசுக்கு குலசேகரன்னு ஒருத்தர் பெரிய ஆபீசரா வந்திருக்காரு. இந்தப் பேரை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. கதையே இவரை வச்சுத்தான். நான் வெளிய வாரதுக்குள்ள அவரு ரிட்டேடும் ஆயிட்டாரு. ஆக, நான் அவரு மூஞ்சியப் பாத்ததே கெடையாது. இது முக்கியம் அண்ணாச்சி. மூஞ்சியப் பாத்ததே கெடையாது.

ரிட்டேடு ஆனவன் என்ன செய்வான்? பேரப்பிள்ளைய ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவான், கோயில் கமிட்டியில சண்டை போடுவான். இவரு என்ன செஞ்சாரு தெரியுமா? ஆபீசுல போட்ட மாலை வாடுறதுக்கு முந்தி எங்க முதலாளிகிட்ட வந்து சேந்துட்டாரு. ஆலோசகராம். குவாரிப் பக்கமே வரமாட்டாரு, தூசி ஆகாதாம். டவுன்ல ஒரு ஏசி ரூமு. அங்கன உக்காந்து போன் போடுவாரு. கல்லாபீசுல இருக்கவன் எல்லாம் அவருகிட்ட வேலை படிச்சவன், அவரு கையெழுத்துல பிரமோசன் வாங்குனவன். "என்னப்பா, நல்லா இருக்கியா?"ன்னு இவரு கேப்பாரு. அவ்வளவுதான். ஃபைலு நவுந்துரும்.

நான் ஜெயில்ல இருந்து வந்து, "மொதலாளி, யாரையும் பாக்கணுமா?"ன்னு கேட்டேன். அவரு சிரிச்சுட்டாரு. "காலம் மாறிப்போச்சுலே மாசானம். நீ கையை ஒடிச்சு வாங்குன கையெழுத்தை இப்பம் அய்யா நலம் விசாரிச்சே வாங்கிருதாரு. நீ கேட்டைத் தொறந்து சாத்து."

கேட்டைத் தொறந்து சாத்துனேன் அண்ணாச்சி. நானு. ஆபீசர்மாரு எல்லாம் பேரைக் கேட்டாலே நடுங்குன ஆளு, லாரிக்காரன் ஹாரன் அடிச்சா ஓடிப்போய்க் கேட்டுத் தொறந்தேன். ஊர்ல எளவட்டம் எல்லாம், "மாசானம் மாமாவுக்குச் சம்பளத்தோட லீவு"ன்னு கேலி பண்ணுனான். எனக்கு அந்த குலசேகரன் மேல அப்பிடி ஒரு வயித்தெரிச்சல். இதை நான் மறைக்கல. முதலாளிகிட்டயே சொல்லியிருக்கேன். அதுதான் பின்னால எனக்கே வினையாப் போச்சு.

சரி, கதைக்கு வாரேன். எங்க தெரு இருக்கே, அது குவாரிக்குக் கீழ்ப்பக்கம். குழி தோண்டித் தோண்டி எங்க தெருப் பக்கம் வந்துட்டு. வீட்டுக்கும் குழிக்கும் இவ்வளவு தூரம் இருக்கணும்னு சட்டம் இருக்குல்லா. அந்தச் சட்டத்துக்கு வெளக்கம் எழுதுனதே குலசேகரன்தானாம், சர்வீசுல இருக்கும்போது. எங்கன ஓட்டைன்னு எழுதுனவனுக்குத் தெரியாதா? குழியோட ஓரத்துல இருந்து அளக்காம, நடுவுல இருந்து அளந்தா தூரம் வந்துருதுன்னு கண்டுபிடிச்சுக் குடுத்துட்டாரு. மூளை அண்ணாச்சி. அதை ஒத்துக்கிடணும்.

பொறவு ஒரு நாள் மத்தியானம் வெடி வச்சாவ. கல்லு பறந்துச்சு. கல்லுன்னா பறக்கத்தான் செய்யும். சங்கு ஊதியாச்சு, எல்லாரும் உள்ளதான் இருக்கணும். என் தங்கச்சி மாரிக்கனி கொடியில காயப் போட்ட துணிய எடுக்க வெளிய வந்திருக்கா. தூசி படியுமேன்னு நினைச்சிருப்பா. அவளுக்குத் துணி வெளுப்பா இருக்கணும், சின்னதுல இருந்தே அப்பிடித்தான். நெத்தியில விழுந்துச்சு. நான் கேட்டுல நின்னேன். கத்துற சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பாக்கேன், கையில துணியப் பிடிச்சபடியே கெடக்கா. நெத்தி பொளந்து ரத்தம் ரெண்டு கண்ணுலயும் எறங்கியிருக்கு. நான் எத்தனையோ ரத்தம் பாத்தவன். ஆனா அதை என்னால பாக்க முடியல.

முதலாளி நல்ல மனுசன். எழவு வீட்டுக்கு வந்தாரு, என் தோள்ல கையப் போட்டாரு, காரியச் செலவெல்லாம் அவருதான். நான் மறுவாரமே கேட்டுக்குப் போயிட்டேன். குவாரிய மூடிட்டா மாரிக்கனி திரும்ப வந்துருவாளா? எனக்கு வேலைதான போவும். இதைச் சொன்னதுக்கு என் பெஞ்சாதி பேச்சித்தாய் என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. அன்னையில இருந்து எனக்குச் சோறு போடுவா, பேச்சு கெடையாது.

அந்தா, முன்னால பச்சைச் சேலை கட்டி, கண்டக்டர் பக்கத்துல நிக்காள்லா, மடியில யாரோ பிள்ளைய வச்சிருக்க பொம்பளைக்கு அங்கிட்டு. அவதான். அவளைச் சுத்தி நிக்கது எல்லாம் எங்க தெருப் பொம்பளைய. எல்லாரும் அங்கனதான் போறாவ. கல்லாபீசுக்கு. அது பொறவு சொல்லுதேன்.

மாரிக்கனி செத்ததும் கல்லாபீசுல இருந்து உத்தரவு வந்துச்சு. குவாரிய நிறுத்துன்னு சீலு வச்சுட்டாவ. புதுசா வந்த ஆபீசராம். முதலாளி மாலையும் பழமுமாப் போனாரு, வாங்கல. குலசேகரன் போன் போட்டாரு, நடக்கல. நேர்ல போனாரு, அப்பவும் நடக்கல. மிசினெல்லாம் நின்னு போச்சு. லாரி ஓடல. ஒரு நாள் காலம்பற முதலாளி என்னைக் கூப்பிட்டு விட்டாரு.

"ஏலே மாசானம், கை துருப்பிடிச்சுப் போச்சாலே?"

எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு அண்ணாச்சி. "எண்ணெய் போட்டுத்தான் வச்சிருக்கேன் மொதலாளி."

"கல்லாபீசுல புது ஆபீசர் சொன்னாக் கேக்கல. பாத்துட்டு வா."

"ஆளு எப்பிடி இருப்பாரு?"

முதலாளி என் மூஞ்சியப் பாக்காம மீசையத் தடவுனாரு. "ஆளு என்னலே ஆளு. நேரா உள்ள போ. பெரிய மேசை இருக்கும். துண்டு போட்ட நாற்காலியில எது உக்காந்திருக்கோ, அதுதான் ஆபீசர்."

நீங்களும் ஆபீசு ஆபீசா ஏறி எறங்கியிருப்பிய. வெள்ளைத் துண்டு போட்ட நாற்காலி யாருக்கு? பெரியவருக்கு. கிளார்க்கு நாற்காலிக்குத் துண்டு போடுவானா? அந்தத் துண்டை வச்சுத்தான் நாட்டுல எல்லாரும் கும்பிடு போடுதோம். நானும் அதை வச்சுத்தான் போனேன்.

போனேன். வாசல்ல எவனும் கேக்கல. ஸ்பிரிங் கதவைத் தள்ளிட்டு உள்ள போறேன். பெரிய மேசை. துண்டு போட்ட நாற்காலி. அதுல ஒரு ஆளு சாஞ்சு உக்காந்திருக்காரு. சட்டைப் பையில பேனா, நெத்தியில சந்தனம். பீங்கான் கப்புல காப்பி குடிச்சுகிட்டிருக்காரு. அட்டெண்டரு தட்டோட கையைக் கட்டிட்டு நிக்கான். பீரோ பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு ஃபைலை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுகிட்டு நிக்கு. இவரு அதைப் பாத்துச் சொல்லுதாரு, "இது நான் போட்ட ஃபைலும்மா. எனக்கே பாடம் எடுக்கிறியா நீ?"

இதுல யாரு ஆபீசரு? சொல்லுங்க அண்ணாச்சி. காப்பி யாருக்கு வந்திருக்கு? நாற்காலி யாருகிட்ட? திட்டுறது யாரு, நிக்கது யாரு?

நான் அந்தப் பொண்ணுகிட்ட மரியாதையாச் சொன்னேன். "தள்ளி நில்லும்மா."

"யாருங்க நீங்க?"ன்னு அது கேட்டுச்சு.

"உனக்கு ஒண்ணுமில்லம்மா. நீ தள்ளி நில்லு."

நாற்காலியில இருந்தவரு கப்பைக் கீழ வைக்காமலே கேக்காரு, "யாருய்யா நீ? அப்பாயின்மெண்ட் வாங்கியிருக்கியா?"

பாத்தியளா? அப்பாயின்மெண்ட் வாங்கியிருக்கியான்னு கேக்காரு. அதுக்கு மேல எனக்கு என்ன சந்தேகம் வரும்?

முதல் அடி தாடையில. கப்பு போய்ச் சுவத்துல அடிச்சு ஒடைஞ்சுது, காப்பி எல்லாம் அந்த வெள்ளைத் துண்டுல. தாடை எறங்குற சத்தம் எனக்குத் தெரியும், கதவுல கொண்டி விழுற மாதிரி கேக்கும். கேட்டுச்சு. அட்டெண்டரு தட்டைப் போட்டுட்டு ஓடிட்டான். ரெண்டாவது அடி தோள்பட்டையில. எப்பவும் நான் அதோட நிறுத்திருவேன். காதுப் பக்கம் குனிஞ்சு விசயத்தைச் சொல்லிட்டு வந்துருவேன். அதுதான் என் முறை.

அன்னைக்கு நிக்கல. தலைமுடியப் பிடிச்சு மேசை விளிம்புல ஒரு மோது மோதுனேன். நெத்தி பொளந்துட்டு. ரத்தம் ரெண்டு கண்ணுலயும் எறங்குச்சு. அதைப் பாத்ததும் எனக்கு மாரிக்கனி ஞாபகம் வந்துட்டு. அதே எடம். ஞாபகம் வந்தா மனுசன் நிறுத்தணும்லா? எனக்குக் கை இன்னும் வேகமாப் போச்சு. ஏன்னு தெரியல. அவரு கீழ விழுந்தாரு, விலாவுல மிதிச்சேன். மேசைக்கு அடியில ஊர்ந்து போனாரு, காலைப் பிடிச்சு இழுத்து மிதிச்சேன். அந்தத் துண்டை உருவி வாயைப் பொத்திகிட்டுக் கெடக்காரு, அதுக்கு மேலயே மிதிச்சேன். என் வாய்ல என்ன வந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. 'துணி எடுக்கத்தான வந்தா, துணி எடுக்கத்தான வந்தா'ன்னு கத்துனேன்னு பொறவு அட்டெண்டரு சொன்னான். நான் ஏன் அப்பிடிச் சொல்லப் போறேன்? அவன் பயத்துல என்னத்தையாவது கேட்டிருப்பான்.

அப்பம் என் பின்மண்டையில ஒரு அடி. திரும்பிப் பாக்கேன். அந்தப் பொண்ணு கையில கண்ணாடிப் பேப்பர் வெயிட்டு. இன்னொண்ணு அடிக்க ஓங்கிட்டு நிக்கு. ஓங்குன கையை எறக்கல. நான் பொம்பளைய அடிக்க மாட்டேன்லா. அதனால நின்னேன். இல்லன்னா அன்னைக்கு அந்த ஆளு பொணம்.

அது கேக்கு, "யாரைத் தேடிய்யா வந்த?"

"ஆபீசரை."

"ஆபீசர் நான்தான்."

நான் சிரிச்சேன் அண்ணாச்சி. நெசமாச் சிரிச்சேன். பொறவு பாத்தா, சுவத்துல பேரு எழுதுன பலகை இருந்துச்சு, இதுவரைக்கும் இருந்த ஆபீசர் பேரெல்லாம். கடைசிப் பேரு ரோஸ்லின். அதுக்கு மேல ஒரு பேரு தள்ளி குலசேகரன். கீழ கெடக்கவரைக் காட்டி, "இவரு யாரு?"ன்னேன். அந்த அம்மா பலகையில அந்தப் பேரைக் காட்டுச்சு. நான் அப்பிடியே தரையில உக்காந்துட்டேன். போலீசு வார வரைக்கும் எந்திரிக்கல.

விசயம் என்னன்னா, அவரு வந்தா எதிர்ல கெடக்க நாற்காலியில உக்கார மாட்டாராம். மேசையச் சுத்தி வந்து அந்த அம்மா பக்கத்துலயே நிப்பாராம். வேலை சொல்லிக்குடுத்தவரு, வயசுல மூத்தவரு, அவரை நிக்க வச்சுட்டு நாம உக்காந்திருக்கலாமா? அது எந்திரிக்கும். இவரு உக்காந்துருவாரு. பொறவு மணியடிப்பாரு, அட்டெண்டரும் பழைய பழக்கத்துல காப்பி கொண்டாருவான். ஆனா ஒண்ணு, அந்த அம்மா நாற்காலியத்தான் குடுத்துச்சு, கையெழுத்தைக் குடுக்கல. நின்னுகிட்டே முடியாதுன்னு சொல்லியிருக்கு.

என்னை அனுப்புன அன்னைக்கே இவரும் திரும்ப ஒரு தடவை பேசிப் பாக்கப் போயிருக்காரு. முதலாளி என்கிட்ட அவரைச் சொல்லல, அவருகிட்ட என்னைச் சொல்லல. ஆபீசரு ஒரு பொம்பளைன்னும் சொல்லல. சொன்னா நான் போகமாட்டேன்னு தெரியும். ஆக, தப்பு யாரு மேல?

ஆனா முதலாளி என்ன சொல்லுதாரு? ஜெயிலுக்கு ஆள் விட்டு, "பொறாமையில வேணும்னே அடிச்சிட்டான் நாயி, இனி என் மூஞ்சியில முழிக்கக் கூடாது"ன்னு சொல்லி அனுப்புனாரு. எனக்கு அடி விழுந்திருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன். இத்தனை வருச விசுவாசம். ஒரு நாள் அவரு பேச்சை மீறினேனா? துண்டு போட்ட நாற்காலின்னாரு, துண்டு போட்ட நாற்காலியில இருந்தவரைத்தான அடிச்சேன்?

வக்கீலு வந்தாரு. "உனக்கு நல்ல நேரம்யா. கவர்மெண்டு ஆளை ஆபீசுல வச்சு அடிச்சா செக்சன் வேற. குலசேகரன் இப்பம் கவர்மெண்டு ஆளு இல்ல. வெளியாளு. வெளியாளை அடிச்ச கேசுதான்"ன்னாரு. நான் கேட்டேன், "வெளியாளுன்னா அவரு எதுக்கு சார் உள்ள இருந்தாரு?" வக்கீலு சிரிச்சாரு. "அதைத்தான் கோர்ட்டுல நானும் கேக்கப் போறேன்."

அதைக் கேக்கவே விடல. தாடையில கம்பி கட்டிகிட்டு ஆசுபத்திரியில கெடந்த மனுசன், போலீசு கேட்டதுக்கு நலம் விசாரிக்கப் போனேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. கோர்ட்டுல ஏறுனா, யாரு நலத்தை, எந்த ஃபைலைப் பிடிச்சு விசாரிச்சீருன்னு கேப்பாவள்லா. அதனால சமாதானமாப் போயிருவோம்னுட்டாரு. கேசு முடிஞ்சுது. நான் வெளிய வந்தேன்.

இதுக்கு மேலதான் வேடிக்கை. அவருக்கு இப்பம் தாடை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு. போன்ல பேசுனா எவனுக்கும் வெளங்க மாட்டேங்கு. ஒவ்வொரு எடத்துக்கும் நேர்ல போக வேண்டியிருக்கு. நேர்ல போனா ஜனம் வழி மறிக்கு. ஆளு வேணும். முதலாளி என்னைக் கூப்பிட்டு அவரு முன்னால நிறுத்துனாரு. அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "இவன் அடி எனக்குத் தெரியும். இவனே இருக்கட்டும்"ன்னாரு. வாய் கோணிச் சொன்னதால ரெண்டு தடவை கேக்க வேண்டியதாப் போச்சு. இப்பம் அவரு உள்ள பேசுவாரு, நான் வாசல்ல நிப்பேன். பழையபடி எனக்கு மரியாதை வந்துட்டு. கேட்டுத் தொறக்க வேற ஆளு போட்டாச்சு.

அந்த ரோஸ்லின் அம்மாவை எங்கயோ மலையடிவாரத்துக்கு மாத்திட்டாவ. போறதுக்கு முன்னால அது மேலிடத்துக்கு எழுதிப் போட்டுட்டுப் போச்சாம், ரிட்டேடு ஆன ஆபீசரு இத்தனை வருசத்துக்குக் குவாரிக்காரனுக்காக அந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு ஒரு விதி வேணும்னு. எங்க தெருப் பொம்பளையெல்லாம் சேந்து இன்னைக்குக் கொண்டு போற மனுவுலயும் அதுதான் இருக்காம். சீலு வச்ச குவாரிய ஒரேயடியா மூடணும், இவரு உள்ள வரக் கூடாது. நான் ஒண்ணு சொல்லுதேன் அண்ணாச்சி, அந்த விதி ரொம்பச் சரி. அது மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா இந்தக் குழப்பமே வந்திருக்காது. நாற்காலியில இருக்கவன் ஆபீசரா இருக்கணும். இல்லன்னா என்னை மாதிரி ஆளுக எதை நம்பித் தொழில் பண்ண?

இதையே வீட்டுல பேச்சித்தாய்கிட்டச் சொன்னேன். ஆளு தெரியாம அடிச்சிட்டேன், அதுக்குப் போயி என்னைச் சந்தேகப்படுதாவளேன்னு பொலம்புனேன். மாசக்கணக்கா வாய் தொறக்காதவ அன்னைக்குத் தொறந்தா. "உம்ம தங்கச்சி தலையில கல்லைப் போட்டவனையே அடிச்சிருக்கீரு. உம்ம ஆயுசுல செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அது. அதையும் தெரியாமச் செஞ்சேன்னு சொல்லிகிட்டு அலையுதீரே, வெக்கமா இல்லையா?" அப்பிடின்னா. பொம்பளைகிட்ட எல்லாத்தையும் விளக்க முடியுமா?

இன்னைக்குப் புது ஆபீசரு முன்னால விசாரணை. குலசேகரன் அய்யா நேரத்தோட போயி உள்ள உக்காந்திருப்பாரு. எங்கன உக்காந்திருப்பாருன்னு சொல்லவா வேணும்? தெருக்காரவ உள்ள போயிரக் கூடாது, அதுதான் என் டூட்டி. நேத்து நான் தலையச் சொறிஞ்சுகிட்டு நின்னேன். எல்லாம் பொம்பளையளா இருக்கே அய்யா, என் பெஞ்சாதிதான் முன்னால நிப்பான்னு சொன்னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "பொம்பளைன்னு பாக்காதே மாசானம். எதிர்த்தரப்புன்னு பாரு." படிச்சவரு, எவ்வளவு சுளுவாச் சொல்லிட்டாரு பாருங்க. முதலாளி பக்கத்துல இருந்து, "என்னலே, இன்னும் அந்தக் கொள்கையெல்லாம் வச்சிருக்கியா?"ன்னாரு. கம்பு அவரு குடுத்ததுதான்.

அவ கையில வயர்கூடை இருக்குல்லா. அதுக்குள்ள அந்தக் கல்லு. மாரிக்கனி மேல விழுந்த கல்லு. இத்தனை நாளும் வீட்டுல சாமி படத்துக்குக் கீழ வச்சிருந்தா. நான் அதைத் தொட்டது கெடையாது, கண்ணெடுத்துப் பாக்கதும் கெடையாது. இன்னைக்கு அதை ஆபீசரு மேசையில வைக்கப் போறாளாம். ஸ்டாப்புல நிக்கும்போது, கூடைக்காது அறுந்துரும் போல இருந்துச்சு, நான் தூக்கித் தாரேன்னு கையை நீட்டுனேன். என்னைப் பாக்காமலே சொன்னா, "தள்ளி நில்லும்."

இந்தா, ஸ்டாப்பு வந்துட்டு. அந்த மஞ்சக் கட்டடந்தான். வாசல்ல நிக்க கார் முதலாளிது. இருங்க, பொம்பளைய முதல்ல எறங்கட்டும். நான் பின் வாசல்ல...

அடடா. டிரைவரு ஒரு வெட்டு வெட்டி எடுத்து நிறுத்திட்டான். கூடைக்காது அறுந்து போச்சு. நான் சொன்னேன்லா. அந்தா உருண்டு வருது, பஸ்ஸுக்கு நடுவுலயே கெடக்கு பாருங்க. யாரும் தொட மாட்டேங்காவ. எல்லாரும் காலைத் தூக்கிகிட்டாவ.

எதுக்கு எல்லாரும் என்னையே பாக்குதிய? நான் அடிக்கவா போறேன்? எடுத்துத்தான் குடுக்கப் போறேன். நவுருங்கம்மா. நவுருங்க.

ஏயப்பா. ஒத்தைக் கையால முடியல. குவாரியில எத்தனை கல்லுத் தூக்கியிருக்கேன். இது இவ்வளவு கனமா? ஒரு பக்கம் இன்னும் கருப்பா இருக்கு. இது அவ ரத்தம்லா. இதைக் கழுவவே இல்லையா இவ?

பேச்சி, இந்தா. கூடைதான் பிஞ்சுட்டே, எப்பிடிக் கொண்டு போவ? என்ன? என்ன சொல்லுதா அண்ணாச்சி? "நீரே தூக்கிட்டு வாரும்"ங்கா. என் மூஞ்சியப் பாத்துப் பேசிட்டா. எல்லாரும் வழி விட்டுட்டு நிக்காவ. நான் வாசல்ல நிக்க வேண்டியவன், இதைக் கையில வச்சுகிட்டு எங்கன நிக்க?

பையா? அண்ணாச்சி, அது அங்கனயே கெடக்கட்டும். இதுக்கு ரெண்டு கையும் வேணும்.

கண்டக்டரே, விசில் அடிச்சிராதிய. எறங்க ஆளு இருக்கு.